வண்டியின் இடப்பக்கம்

வாகட், புனே
28 செப்டம்பர் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு, சவரிமுத்து எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். சில எழுத்து பூசணிக்காய் மாதிரி இருக்கும், சில எழுத்து கடுகு மாதிரி இருக்கும். கோடு போட்ட தாள்தான். கோடு நேராகப் போகிறது, நான்தான் ஏறி இறங்குகிறேன். இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆகியிருக்கிறது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரும் சொல்லி எழுதவில்லை. எழுபத்திரண்டு வயதில் உன் வீட்டுக்காரன் எழுதப் படித்துவிட்டான்.

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீயும் ரீனாவும் மாப்பிள்ளை மனோஜும் குட்டிப் பேத்தியும் சுகமா? உன் முழங்காலுக்குத் தூத்துக்குடி வெயில் நல்லது என்று நினைக்கிறேன். பிரசவத்துக்கு என்று நீ போய் நாலு மாதம் ஆகிறது. போன் பேசினால் ரீனா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். வீடே கேட்கும்போது "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. அதற்காகவே எழுதப் பழகினேன்.

சொல்லிக்கொடுத்தது மூன்றாம் மாடி பார்கவி. ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ப் பெண். அவள் புதிதாக ஒரு வண்டி வாங்கியிருக்கிறாள். ஜீப் மாதிரி உயரம், ரேஸ் கார் மாதிரி ஓட்டம், இரண்டே கால் டன் எடை. ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் பார்க்கிங்கில் உட்கார்ந்து டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். கட்கி டெப்போவில் முப்பத்துநாலு வருஷம் ராணுவ லாரிகளுக்குக் காற்று அடித்தவன் நான். எப்படிச் சும்மா போவது?

"ஏம்மா, நல்ல டயர்ல காத்த எறக்குதே?"

"ரேஸ் ட்ராக்குக்குப் போகோணுங்க அங்கிள். அங்க நாலு சுத்து சுத்துனா டயர் கொதிக்கும். கொதிச்சா காத்து தானா ஏறிக்கும். அந்த ஏத்தத்துக்கு இப்பவே எடம் விட்டு வெக்கோணும்."

ரோட்டுக்கு முப்பத்தாறு பவுண்டு. ட்ராக்குக்குப் போனால், டயர் குளிர்ந்திருக்கும்போதே முப்பத்திரண்டாகக் குறைக்க வேண்டும். சூடானதும் அது முப்பத்தெட்டில் வந்து நிற்க வேண்டும். குறைவாக வைத்தால் டயர் மடங்கும், கூட வைத்தால் வழுக்கும். நான் இத்தனை காலமும் ஏற்ற மட்டும்தான் தெரிந்தவன்.

அளவெல்லாம் குறித்துவைக்க ஆள் வேண்டும் என்றாள். "நம்பர் தெரியும்மா, எழுத்து தெரியாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கமில்லாமல் ஒருத்தரிடம் சொல்லிவிட்டேன். டயரில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துப் பார்க்கிங் தரையிலேயே 'அ' போட்டாள். மழைக்காலம் முழுதும் சனி ஞாயிறு காலையில் அங்கேதான் பள்ளிக்கூடம்.

பதில் போடு. இனி உன் கடிதத்தை நானே வாசிப்பேன்.

உன் அன்பு,
சவரிமுத்து


வாகட்
14 அக்டோபர் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நான் சுகம். உன் சுகம் அறியத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதம் கிடைத்ததா? ரீனா போனில் "வந்துச்சுப்பா" என்றாள். நீ பேசவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாய் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கன் தாண்டி அந்த ட்ராக்குக்குப் போனோம். பயப்படாதே, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு அங்கே வேறு வேலை. நான் வெளியே ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி நாலு சுற்று போய்விட்டு வந்து நிற்கும். ஆறுவதற்குள், ஒரு நிமிஷத்துக்குள் நாலு டயரையும் அளந்துவிட வேண்டும். எனக்கு டெப்போ பழக்கம், வண்டிக்கு எதிரே நின்று முன்டயரில்தான் ஆரம்பிப்பேன். டயரின் தோள்பட்டையில், அதாவது ஓர வளைவில், போகும்போதே சாக்பீஸ் பூசி அனுப்பினோம். வரும்போது அது எவ்வளவு தூரம் தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் டயர் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு சுலபமான கணக்கு பார்.

நோட்டுப் புத்தகத்தில் நானே எழுதினேன். 'வலப்பக்கம் 41. இடப்பக்கம் 38.' டெப்போவில் இருந்தவரை டயர் மேலேயே சாக்பீஸில் நம்பர் போடுவேன், அவ்வளவுதான். இப்போது வலம், இடம் என்று எழுத்தாகவே எழுதினேன். பார்கவி பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள். வீட்டுக்குக் கிளம்புமுன் நாலு டயருக்கும் மறுபடி முப்பத்தாறு ஏற்றினோம். குறைந்த காற்றோடு ஹைவேயில் போகக்கூடாது.

பேத்திக்கு முத்தம். உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சவரிமுத்து


தூத்துக்குடி
30 அக்டோபர் 2025

ரீனா அப்பாவுக்கு, புஷ்பம் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிந்தேன். இரண்டு கடிதமும் கிடைத்தன. பிள்ளை வேலையில் உடனே எழுத முடியவில்லை. கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. பார்கவி நல்ல வாத்தியார்.

பிள்ளை கவிழ்கிறாள். என் முழங்கால் பரவாயில்லை. பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, மறக்க வேண்டாம். பரணில் இருக்கிற பழைய பிஸ்கட் டின்னை எடுக்க வேண்டாம். தூசி, உங்களுக்கு இருமல் வரும்.

புஷ்பம்


வாகட்
6 நவம்பர் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதம் வந்தது. நாற்பத்திரண்டு வருஷத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான், யோசித்தாயா? எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாய், எனக்கு எழுத வேண்டிய தேவையே வரவில்லை. படிக்கட்டில் நின்றே வாசித்தேன். ஒன்பது வரி இருந்தது. இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மாத்திரை அட்டையில் இருப்பதை எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். பார்கவி இங்கிலீஷ் எழுத்தும் கொஞ்சம் காட்டினாள். தமிழ்ச்சங்கத்து நோட்டீஸ், கோயில் பூசை நேரம், வாரப் பத்திரிகை எல்லாம் நானே. முன்னே எல்லாவற்றுக்கும் உன்னைத் தொந்தரவு செய்வேன் அல்லவா? இனி அந்தத் தொந்தரவு இல்லை. யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. நீ நிம்மதியாக இருக்கலாம்.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கிறேன். என் குரலில் கேட்க என்னவோ மாதிரி இருக்கிறது. பழகிவிடும்.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா? உன் சௌகரியம் போல.

பிரியமுடன்,
சவரிமுத்து


தூத்துக்குடி
20 நவம்பர் 2025

ரீனா அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்கள் ஒரு குறையும் இல்லாமல் இருப்பது அறிந்து சந்தோஷம்.

கிறிஸ்துமஸுக்கு வருவதற்கில்லை. டிசம்பர் 28 பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதற்கு அப்புறமும் இங்கேயே இருந்துவிடு என்று ரீனா சொல்கிறாள். மாப்பிள்ளை, மாடியில் ஒரு அறை போட்டுத் தருகிறேன், மாமாவும் பிற்பாடு வரட்டும் என்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அங்கே எனக்கு என்ன வேலை என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

குளிர் ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டர் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

புஷ்பம்


வாகட்
2 டிசம்பர் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

சுகம் என்றே எழுதுகிறேன். ஸ்வெட்டர் கிடைத்தது. உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் பேனா எடுக்கவில்லை. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. ட்ராக்கில் நடந்ததை எழுதுகிறேன், அது சுலபம்.

நான் ஒரு பிழை செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தடவை போனோம். போன தடவை நோட்டில் நான் எழுதியதைப் பார்த்து, வலப்பக்கம்தான் அதிகம் கொதிக்கிறது என்று வலப்பக்க டயர்களில் மூன்று பவுண்டு கூடுதலாகக் குறைத்தாள் பார்கவி. அன்றைக்கு வேகமும் கூட்டினாள். மூன்றாம் சுற்றில் நீளமான வலது வளைவு ஒன்று. வண்டி பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே இடப்பக்கமாக வழுக்கி, ட்ராக்கை விட்டு வெளியே போய், அரைச் சுற்று சுற்றி நின்றது. புல் கண்ணாடி உயரத்துக்கு வந்து உரசியது. யாருக்கும் ஒன்றும் இல்லை. வண்டிக்கும் ஒரு கீறல் இல்லை.

பார்கவி கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசாமல் இருந்தாள். அப்புறம் இறங்கி, டயரை அளந்தாள். நோட்டைப் பார்த்தாள்.

"அங்கிள், போன தடவ எங்க நின்னு எழுதுனீங்க?"

"வண்டிக்கு எதுக்க நின்னுதான்."

"அப்ப இது உங்க வலதுங்க. வண்டியோட வலது இல்ல."

வண்டிக்கு இடம் வலம் என்றால் ஓட்டுகிறவர் உட்கார்ந்து பார்க்கிற இடம் வலமாம். எதிரே நிற்கிறவனுக்கு அது மாறித் தெரியும். வலது வளைவு அதிகமுள்ள ட்ராக்கில் பாரமெல்லாம் இடப்பக்க டயரில்தான் விழும். கொதித்தது அதுதான். சாக்பீஸில் டயர் மேலேயே நம்பர் போட்டிருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது.

"எனக்கு அப்பவே சந்தேகந்தானுங்க" என்றாள் பார்கவி. "ஆனா எழுத்து அவ்வளவு அழகா இருந்துச்சா, நம்பீட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் ஷெட்டில் இருந்ததால் தப்பித்தேன்.

சவரிமுத்து


தூத்துக்குடி
8 டிசம்பர் 2025

ரீனா அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. சாப்பிடாமல் எழுதுகிறேன்.

ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவருக்குப் புல் கண்ணாடி வரை வந்தது எப்படித் தெரிந்தது? தூரத்தில் ஷெட்டில் இருக்கிறவருக்கு வண்டி புல்லுக்குள் போனது மட்டும்தான் தெரியும். அந்தப் பெண் பேசாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்ததை யார் பக்கத்தில் இருந்து பார்த்தது? எழுதக் கற்றுக்கொள்ள நாலு மாதம் போதும். பொய் எழுதக் கற்றுக்கொள்ள இன்னும் கொஞ்சம் ஆகும்.

இனி அந்த வண்டியில் ஏறினால் நான் போனிலும் பேச மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆன வருஷம் கட்கி குவார்ட்டர்ஸில் உங்களுக்கு ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கி வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாள் உட்கார்ந்தீர்கள். நாலாம் நாள் சிலேட்டை எடுத்துத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டீர்கள். "எனக்கு இதெல்லாம் ஏறாது, விடுளா" என்றீர்கள். நான் விட்டேன். அப்புறம் நாற்பத்திரண்டு வருஷம் நான் வாசித்தேன், நீங்கள் கேட்டீர்கள்.

மூன்றாம் மாடிப் பெண் தரையில் எழுதிப் போட்டதும் ஏறிவிட்டது. நல்லதுதான். யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். தேவையில்லாத இடத்துக்கு நான் எதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும்?

மாத்திரை மறக்க வேண்டாம்.

புஷ்பம்


வாகட்
15 டிசம்பர் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தை ஐந்து தடவை வாசித்தேன். எழுத்து புரியாமல் இல்லை.

வண்டிக்குள்தான் இருந்தேன். இரண்டு தடவையும். ஹெல்மெட் போட்டிருந்தேன். இனி ஏற மாட்டேன்.

நேற்று பார்க்கிங்கில் பார்கவி என்னை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்தாள். நிற்கிற வண்டிதான், சாவியும் அவள் கையில். "இப்பச் சொல்லுங்க, எது இடது?" என்றாள். சொன்னேன். இறங்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 'யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை' என்று நான் எழுதியது என் பக்கத்தில் நின்று பார்க்கையில் ஒரு அர்த்தத்தில் இருந்தது. உன் பக்கத்தில் அது எப்படி வந்து இறங்கியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சிலேட்டு ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் எனக்கு 'அம்மா' வரை வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நீ சொன்னாய், "சீக்கிரம் படிச்சிட்டீயன்னா பத்திரிகைய நீங்களே வாசிச்சுக்கிடலாம், எனக்கு அடுப்படி வேலை இருக்கு" என்று. எனக்குத் திக்கென்றது. டெப்போவில் நாள் முழுக்கக் கம்ப்ரெஸர் சத்தம். வீட்டுக்கு வந்தால் நீ வாசிக்கிற அரை மணி நேரம்தான் காதுக்கு நல்லதாக ஒன்று விழும். அது போய்விடுமே என்று சிலேட்டைப் பானை மேல் வைத்தேன். ஏறாது என்று சொன்னது பொய். அந்தப் பொய்யை நீ கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று. எடுக்க வேண்டாம் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் அந்த டின் என் நினைவுக்கே வந்திருக்காது. எடுத்தேன். இருமல் வரவில்லை.

மிக்கேல் அண்ணன் கடிதம் இருந்தது. அம்மா இறந்தபோது எழுதியது, எனக்கு லீவு கிடைக்காமல் போக முடியாத வருஷம். நீ அன்றைக்கு வாசித்தது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. 'தம்பி, நீ வர முடியாதது உன் குற்றம் இல்லை. சௌகரியப்படும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா.' அந்தக் கடிதத்தில் அது இல்லை. 'பெற்றவளுக்கு மண் போட வராதவன் இனி என் வாசலை மிதிக்காதே' என்று இருக்கிறது. இன்னும் இருக்கிறது, எழுத வரவில்லை.

நீ வாசித்ததை நம்பித்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்டும் பக்கர்வடிப் பலகாரமும் வாங்கிக்கொண்டு போனேன். நான் சிரித்துக்கொண்டே வாசலில் நிற்பதைப் பார்த்து அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். அப்புறம் கட்டிப்பிடித்து அழுதார். போன வருஷம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் செத்தார். எனக்கு அன்றைக்கே வாசிக்கத் தெரிந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

எனக்குச் சூடேறும் என்று தெரிந்து, ஏறுவதற்கு முன்னாலேயே இறக்கி வாசித்திருக்கிறாய். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ரேஸ் ட்ராக் தேவைப்பட்டது.

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். பால்கனியில் உன் நாற்காலி காலியாக இருக்கிறது. என் குரல் பழகும் என்று எழுதினேன், பழகவில்லை. வந்துவிடு. இதைப் போனில் சொல்ல முடியாமல்தான் எழுதப் படித்தேன் போலிருக்கிறது.

சவரிமுத்து


தூத்துக்குடி
22 டிசம்பர் 2025

ரீனா அப்பாவுக்கு,

பிள்ளை என் மடியில் தூங்குகிறாள், ஒரு கையால் எழுதுகிறேன். என் கையெழுத்தும் இன்றைக்கு உங்களுடையது மாதிரிதான் இருக்கும்.

அந்த டின்னுக்குத்தான் நான் இத்தனை நாளும் பயந்தேன். நீங்கள் எழுதப் படித்தீர்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். கட்டிய புருஷனிடம் பொய் வாசித்தவள் என்று நினைப்பீர்களே என்று இருந்தது. எரித்திருக்கலாம். அடுத்தவர் கடிதத்தை எரிக்க மனசு வரவில்லை.

அப்படி மாற்றி வாசித்தது இன்னும் மூன்று இருக்கிறது. எது எது என்று சொல்ல மாட்டேன். தேடவும் வேண்டாம்.

ரீனாவிடம் சொல்லிவிட்டேன். முகம் தூக்கினாள், அப்புறம் அவளே மாப்பிள்ளையை டிக்கெட் போடச் சொன்னாள். ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை புனே ஸ்டேஷனில் இறங்குகிறேன். அந்தப் பெண்ணின் வண்டியில் வருவதாக இருந்தால் மெதுவாக வரச் சொல்லுங்கள். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கித் தின்ன வேண்டாம், சர்க்கரை.

உங்கள்
புஷ்பம்


வாகட்
27 டிசம்பர் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

மிக மிகச் சுகம். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், நீ ரயில் ஏறுவதற்குள் வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். ஞானஸ்நானம் நல்லபடியாக நடக்கட்டும். பேத்திக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம். கேக் ஒரு துண்டுதான் தின்றேன், பார்கவி கொடுத்தாள், மறுத்தால் மனசு சங்கடப்படும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டியில்தான் வருகிறேன், ஏற மாட்டேன் என்றது ட்ராக்குக்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து நாலிலும் முப்பத்தாறு வைத்துவிடுவேன். இப்போதெல்லாம் இங்கே விடிகாலையில் பத்து டிகிரி. குளிருக்கு இரண்டு பவுண்டு தானே இறங்கிவிடுகிறது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நோட்டில் வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ ஏறும் கதவு இடப்பக்கம். உன் இடப்பக்கம், வண்டியின் இடப்பக்கம், உள்ளே உட்கார்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

டின்னைத் துடைத்துப் பரணில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். மற்ற மூன்றைத் தேடவில்லை. பத்திரிகை ஒரு வாரமாகப் பிரிக்காமல் நாற்காலியில் கிடக்கிறது.

எழுதுகிற பழக்கத்தை விட எனக்கு மனசில்லை. நீ வந்த பிறகும், அடுத்த வாரம் உனக்கு ஒரு கடிதம் எழுதி வாகட் தபால் பெட்டியிலேயே போடுவேன். நம் வீட்டுக்கே வரும். சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து நீ அதை எனக்கு வாசித்துக் காட்டு. நான் எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உன்
சவரிமுத்து